லேப்டாப்பை எடுத்துப் போனவனுக்கு

மகனே,

இந்தக் கடிதத்தை நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் எழுதத் தொடங்கினேன். நாலு வரி எழுதினேன். கீபோர்டு எழும்பி வந்து பாதித் திரையை மூடிக்கொண்டது. மடியில் வைத்தால் சாய்கிறது. ஒரு கையால் பிடித்தால் மறு கையின் ஒரு விரல்தான் மிச்சம். ஒரு விரலால் எவ்வளவு கோபப்பட முடியும்? ஃபோனுக்கு மாறினேன். ஃபோனில் 'கோபம்' என்று அடித்ததும் ஒரு சிவப்பு முகத்தை நீட்டி இதையே அனுப்பிவிடலாமே என்கிறது. ஆகவே காகிதம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். உன் அப்பாவும் படிப்பார். படிக்கட்டும். யாருக்கும் தெரியாமல் எழுதும் அளவுக்கு இதில் ரகசியம் எதுவும் இல்லை.

நேற்று நீ அனுப்பிய செய்தியை யாரிடமும் காட்டாமல் நானே வைத்துக்கொண்டேன் என்பதற்காக நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும். "அம்மா, சண்டே வரேன். தீபாவ அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடச் சொல்லு. இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோச்சிகினு அம்மா வீட்டுக்குப் போனா தெருவுல இன்னா நெனைப்பாங்க?" தெருவைப் பற்றி உனக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறது என்பது எனக்குச் சென்னையிலிருந்து செய்தி வந்த பிறகுதான் தெரிகிறது.

நான் சொல்ல மாட்டேன். உன் மனைவியை வரச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் நானே கூடப் போயிருப்பேன். அவள் வேலை செய்யப் போயிருக்கிறாள். கண்ணமங்கலத்தில் அவளுடைய தங்கையிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. இந்த வீட்டில் இல்லை. இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டு போனாய்.

கல்யாணம் முடிந்து தீபா இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ வேட்டியைப் பிடிப்பதிலேயே மும்முரமாக இருந்தாய். சீர்ப் பாத்திரங்கள் கூடத்தில் இறங்கின. குத்துவிளக்கு, அண்டா, குடம். அவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புப் பை. உன் பெரியத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னாம்மா, நகைப் பொட்டியா?" என்றாள். தீபா சொன்னாள்: "இல்லீங்க. என் வேல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் இயற்பியல் படித்தவள். பட்டம் வாங்கி, அந்தச் சான்றிதழை இந்த வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியவள். என் வேலை என்று ஒரு பையைக் காட்டும் வாய்ப்பு எனக்கு வரவில்லை. புலம்பவில்லை. அது அப்படித்தான் இருந்தது. அவளுக்கு வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வேறு மாதிரிதான் இருந்தது. உனக்குத் தெரியாததில்லை. முன்பு நம் பட்டுப் புடவைத் தறிக்கு டிசைன் வேண்டுமென்றால் உன் அப்பா வெளியே கொடுத்துக் காத்திருப்பார். யாரோ கட்டம் போட்ட தாளில் வரைவார்கள், அதைப் பார்த்து யாரோ அட்டையில் ஓட்டை போடுவார்கள், அந்த அட்டைகள் தறிக்கு மேலே மாலையாகத் தொங்கும். இப்போது தறிக்கு மேலே எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. லேப்டாப்பில் டிசைனைக் கட்டம் கட்டமாகப் போட்டு, எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று கணக்காக்கி, பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் தறி புரிந்துகொள்கிறது. அந்தக் கணக்குதான் தீபாவின் வேலை. அவள் வந்த பிறகு நாம் யாருடைய வாசலிலும் டிசைனுக்குக் காத்திருக்கவில்லை. மற்ற தறிக்காரர்கள் நம் வாசலில் காத்திருந்தார்கள். "தீபாம்மா இருக்குதா? ஒரு பார்டர் போட்டுக் குடுக்கணும்." உன் அப்பா உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "மருமவளத் தேடிகினு வந்துகிறாங்கடி" என்பார். அவர் குரலைத் தாழ்த்துவது பெருமைப்படும்போது மட்டும்தான்.

பிறகு பொங்கல் வந்தது. நீ வந்தாய். கையில் டேப்.

நன்றாகத்தான் இருந்தது. மெல்லியதாக, பளபளவென்று. ஊதா நிற உறை. நீ அதைக் கூடத்தில் நிற்க வைத்து எல்லோரையும் சுற்றி உட்காரச் சொன்னாய். "இது ஃபோன் மாதிரி சின்னது இல்ல, லேப்டாப் மாதிரி கனமும் இல்ல. ரெண்டுத்துக்கும் நடுவுல." ஒரு விற்பனையாளன் மாதிரி பேசினாய். தீபா போட்ட டிசைன்கள் எல்லாவற்றையும் படங்களாக்கி அதில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாய். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாய். தீபா கேட்டாள்: "படம் சரி. இதுல டிசைன் போடற சாஃப்ட்வேர் ஓடுமா?" நீ சொன்னாய்: "எல்லாம் ஓடும். ஆப் வந்துகினே இருக்குது. நீ இன்னா பெருசா பண்ணப்போற, பூவு, மயிலு. இதுல பேனா வெச்சி வரையலாம், பாரு, எவ்ளோ ஸ்மூத்தா இருக்குது." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, "லேப்டாப்ப நான் எடுத்துகினு போறேன். என் பழைய லேப்டாப் பூட்டுச்சி. ஆபீஸ் லேப்டாப்ல படம் பாக்க விட மாட்டேங்கறாங்க, எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டாங்க. ரூம்ல ஒரே பேஜாரா இருக்குது."

நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. தீபா என் பக்கம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தக் கறுப்புப் பையை எடுத்து வந்து உன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நீ "தேங்க்ஸ்டி" என்றாய். இப்போது அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உன் மீது மட்டும் இல்லை. சரி, அதை விடு. இது உனக்கான கடிதம்.

படம் பார்க்க வேண்டியவன் நீ. வேலை செய்ய வேண்டியவள் அவள். பார்ப்பதற்கான பொருளை அவளிடம் கொடுத்துவிட்டு, செய்வதற்கான பொருளை நீ எடுத்துப் போனாய். இதை நான் இந்த வரிசையில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. நீயும் மெதுவாக ஒரு முறை படி. உனக்குத் தேவைப்பட்டது டேப்தான். அதை உனக்கே வாங்கிக்கொண்டிருந்தால் நம் வீட்டில் எந்தக் கலகமும் இல்லை.

டேப் ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு செய்தித்தாள் எழுத்து ஓடிப்பிடித்து விளையாடுகிறது. டேபில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தலையங்கம்வரை படிக்கிறார், படித்துவிட்டு எனக்கு அரசியல் சொல்கிறார், அந்தக் கஷ்டத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். புடவை பார்க்க ஒரு குடும்பமே வந்து பாயில் உட்கார்ந்தால் டேபைத் தாம்பாளம் மாதிரி கைக்குக் கை மாற்றிப் பார்க்கிறார்கள். ஃபோனில் அது நடக்காது, ஒரு தலை குனிந்தால் இன்னொரு தலைக்கு இடமில்லை. லேப்டாப்பைக் கைக்குக் கை கொடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஆக, பார்ப்பதற்கு நல்லது. படிப்பதற்கு நல்லது. வேறு யாரோ வேலையை முடித்து வைத்திருக்கிற வீட்டில் டேப் மிக நல்ல பொருள். அந்த வேறு யாரோவின் கையில் அதைக் கொடுத்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஃபோனைப் பற்றி உன்னிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நம் வியாபாரம் இப்போது ஃபோனுக்குள் இருக்கிறது. தறியில் உட்கார்ந்துகொண்டே ஒரு கையால் புடவையைத் தூக்கிக் காட்டி, இன்னொரு கையால் விலை பேசலாம். அது எதிலும் பெரிதாகப் பாசாங்கு செய்வதில்லை. சின்னது என்று அதற்கே தெரியும். லேப்டாப்பும் அப்படித்தான். கனம், சூடு, மின்விசிறிச் சத்தம், வேலைக்காரத் தோற்றம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இதுதான், இரண்டுமாகவும் நான் இருப்பேன் என்று சொல்லி வீட்டுக்குள் வந்தது. நீ அதை நம்பினாய். இல்லை, நீ நம்பவில்லை. நீ சென்னையில் வேலை செய்வது எதில்? டேபிலா? உன் ஆபீசில் எத்தனை பேர் டேபை மடியில் வைத்துக்கொண்டு நிரல் எழுதுகிறார்கள்? உனக்கு அது போதாது என்று உனக்குத் தெரியும். அவளுக்குப் போதும் என்று எப்படித் தெரிந்தது?

கொரோனாவில் கல்லூரி மூடியபோது நீ இறுதி ஆண்டு. மொட்டை மாடிக் கதவு ஓரத்தில்தான் சிக்னல் வரும் என்று அங்கேயே உட்கார்ந்திருப்பாய். கையில் ஃபோன். அந்தச் சின்னத் திரையில் புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். உன் அப்பா, "ஃபோன்ல தான் எல்லாம் தெரியுதே, இன்னும் இன்னாத்துக்குடா லேப்டாப்பு?" என்றார். நீ அழுதாய். வளர்ந்த பிள்ளை நீ அழுது நான் பார்த்தது அப்போதுதான். "தெரியுதுப்பா. பாக்க முடியும். செய்ய முடியாது. உங்களுக்கு எப்பிடிச் சொல்றது?" என்றாய். எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உனக்காக உன் அப்பாவிடம் நான்தான் சண்டை போட்டேன். தறி நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஆனாலும் லேப்டாப் வந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ தூங்கினாய். உண்மையாகவே கட்டிப்பிடித்துக்கொண்டு. நான் போர்வை போட்டேன். அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் பொங்கலிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு புது டிசைன்கூடப் போடவில்லை. நீ கவனித்தாயா? வாசலில் வந்து நின்ற தறிக்காரர்களுக்குத் தீபா "லேப்டாப் ரிப்பேர்ல இருக்குதுண்ணா" என்று சொன்னாள். புருஷன் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பார்க்கிறான் என்று சொல்லவில்லை. சிலர் மறுபடி வந்தார்கள். பிறகு வரவில்லை. டேபில் பேனா வைத்து அவள் வரையாமல் இல்லை. வரைந்தாள். மயில் அழகாகத்தான் வந்தது. ஆனால் தறிக்கு அழகு புரியாது, கட்டம்தான் புரியும். அந்தக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் டேபில் ஏறவே இல்லை. நீ சொன்ன ஆப் எதுவும் வந்துகொண்டே இருக்கவில்லை. பழைய டிசைன்கள் பென் டிரைவில் இருந்ததால் தறி ஓடியது. வந்தவர்களுக்குப் பழையதையே டேபில் தள்ளித் தள்ளிக் காட்டினோம். தீபா பக்கத்தில் நின்று தள்ளுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. விரலால் தள்ளுவது.

இப்போது போளூர் புடவைக்கு வருகிறேன். நீ வீடியோ காலில் கத்தினாயே, அந்தப் புடவை.

போளூரிலிருந்து ஒரு அம்மா மகளுடைய முகூர்த்தப் புடவைக்குச் சொல்லியிருந்தார். லாவண்டர் நிறம் வேண்டும் என்று ஒரு படம் அனுப்பினார். முன்பெல்லாம் முகூர்த்தத்துக்கு அரக்கு என்பார்கள், மாம்பழ மஞ்சள் என்பார்கள், சொன்னால் போதும், சாயக்காரருக்கும் நமக்கும் ஒரே நிறம் கண்ணில் வரும். இப்போது பெயரில்லாத நிறங்களைக் கேட்கிறார்கள். படம்தான் பெயர். அதனால் தீபா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். படத்தை நம்ப மாட்டாள். சாயம் போட்ட பட்டு நூல்களை வரிசையாகக் கட்டி, நம்பர் போட்ட அட்டை ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதை வெயிலில் காட்டி, வந்தவர்கள் விரலால் தொட்டுச் சொல்கிற நூலின் நம்பரை லேப்டாப்பில் டிசைனுக்குக் கீழேயே எழுதிவிடுவாள். சாயக்காரருக்குப் போவது நம்பர். படம் அல்ல. இந்த முறையும் போளூர் அம்மாவை வரவழைத்து நம்பரைக் கேட்டு வைத்திருந்தாள். எழுத லேப்டாப் இல்லை. மனதில் வைத்திருந்தாள்.

நானும் தீபாவும் வெம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்துச் சாயக்காரர் வந்திருக்கிறார். "இன்னிக்கு அடுப்பு ஏத்தறேன், ஜல்தியா சொல்லுங்க, இல்லன்னா அடுத்த வாரம்தான்" என்றிருக்கிறார். உன் அப்பா டேபை எடுத்தார். படத்தைத் திறந்தார். இருவரும் அட்டை நூல்களை ஒவ்வொன்றாகத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்று பொருந்தியது. சாயம் ஏறியது.

லேப்டாப்பாக இருந்திருந்தால் உன் அப்பா தொட்டிருக்க மாட்டார். அதன் அருகில் போகவே அவருக்குப் பயம். தீபாவுக்கு ஃபோன் போட்டு, "ஏம்மா, நம்பர் இன்னா?" என்று கேட்டிருப்பார். டேபில் பயமில்லை. குழந்தைகூடத் தொட்டால் திறக்கிறது. திறந்துவிட்டதால் தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரைக் கேட்க வேண்டியிருந்ததோ, அவள் அங்கே வெம்பாக்கத்தில் குழந்தையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புடவை தறியிலிருந்து இறங்கியது. போளூர் அம்மா மகளோடு வந்தார். உறையைப் பிரித்தார். மகள்தான் முதலில் பேசினாள். "இன்னாம்மா இது, வெங்காயத் தோல் மாதிரி கீது." அந்த அம்மா தன் ஃபோனை எடுத்துப் படத்தைத் திறந்து புடவை மேலேயே வைத்தார். ஃபோனில் லாவண்டர். கீழே புடவை, பழுப்பேறிய ரோஜா. உன் அப்பா டேபை ஓடிப்போய் எடுத்து வந்தார். "இங்க பாருங்கம்மா, நீங்க அனுப்ச படம்தான இது? ஒத்துப் போவுதா இல்லையா?" டேபுக்குப் பக்கத்தில் வைத்தால் புடவையும் படமும் ஒரே நிறம். ஃபோனில் வேறு. ஒரே படம். அந்தப் பெண் சொன்னாள்: "அங்கிள், அப்ப நான் டேபுக்குள்ளயே உக்காந்து தாலி கட்டிக்கட்டுமா?" எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில் சிரிக்க முடியவில்லை.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேறு புடவை. சரியான லாவண்டர். ஆனால் அதே டிசைன் வேண்டாம். "இந்தப் பொடவைய நீங்க வேற யாருக்காவது விப்பீங்க. அதே மயில் பார்டரக் கட்டிகினு எவளாவது என் கல்யாணத்துக்கே வந்து நிப்பா" என்றாள் அந்தப் பெண். நியாயம். ஆகவே புது பார்டர். புது டிசைன். கல்யாணம் ஆனியில். நெய்ய நாள் வேண்டும். அதற்கு முன் டிசைன் தறிக்கு ஏற வேண்டும்.

அன்று சாயங்காலம்தான் நீ வீடியோவில் வந்தாய். உன் அப்பா, புடவை நிறம் தப்பிவிட்டது, புது பார்டருக்கு லேப்டாப் வேண்டும் என்று மட்டும் சொன்னார். தீபாவைக் கூப்பிட்டாய். அவள் வந்து நின்றாள். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருக்கலாம். "ஒரு டேபப் பாத்து கலர் சொல்லத் தெரியல உனுக்கு. லேப்டாப்பு வேற வேணுமாம். அத வெச்சிகினு மட்டும் இன்னா கிழிச்ச?" சாயக்காரரும் அப்போது கூடத்தில் இருந்தார். பக்கத்துத் தறிக்காரர் வாசலில் இருந்தார். டேபின் சத்தம் நன்றாகக் கேட்கும், அதிலும் குறையில்லை. தீபா ஒன்றும் சொல்லவில்லை. நிறம் சொன்னது நான் இல்லை, அன்று நான் வீட்டிலேயே இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. உன் அப்பா வாயைத் திறந்தார். அவள் கையால் வேண்டாம் என்று காட்டினாள். நீ பார்த்திருப்பாய். பெரிய திரை.

அவள் ஏன் பேசவில்லை என்று நான் அடுக்களையில் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சி?" அவள் டேபை எடுத்து வந்தாள். ஏதோ ஒன்றைத் தள்ளினாள். திரை முழுதும் சட்டென்று நீலம் பாய்ந்தது. வெங்காயத் தோல் லாவண்டர் ஆயிற்று. மறுபடி தள்ளினாள். மறுபடி வெங்காயத் தோல். "கண்ணு எரியாம இருக்கறதுக்கு மஞ்சளா மாத்தற செட்டிங் அத்த. ஆன்லயே இருந்துச்சி." யார் போட்டது என்றேன். அவள் டேபை மூடிவிட்டுச் சொன்னாள்: "பொங்கலப்ப. மாமாவுக்குக் கண்ணு கூசுதுன்னு அவருதான் போட்டு வெச்சிட்டுப் போனாரு. நல்லதுக்குத்தான பண்ணாரு. அத்தினி பேர் முன்னால அதச் சொல்லவா?"

நீதான். நீ போட்டது. உன் அப்பாவின் கண்ணுக்காக, அன்பாக, யாரிடமும் சொல்லாமல். அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மகன் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த மஞ்சளை நீ போட்டாய், அந்த நிறத்தை உன் அப்பா பார்த்தார், திட்டு அவளுக்கு விழுந்தது. உன்னையும் அவரையும் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நீ அந்த மௌனத்தைப் பார்த்து, தெரியாதவள் என்று முடிவு செய்தாய். சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சொல்லிவிட்டேன். இதற்காக அவள் என் மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த நாள் காலையில் நானும் அவளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். டேபையும் எடுத்துக்கொண்டு. அந்தக் கடைக்காரத் தம்பி சிரித்தான். "இன்னாக்கா, ஊர்லயே பெரிய ஃபோன வெச்சிகினு என் ஓட்டக் கம்ப்யூட்டருகிட்ட வரீங்க?" தீபா சொன்னாள்: "பெருசு மட்டும்தாண்ணா. வேலைக்கு ஆவல." அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்தான். அதிலும் அந்த சாஃப்ட்வேர் இல்லை. "ஆதாரு, ரேசன் கார்டு, மார்க் ஷீட்டு. அதாங்க்கா நம்ம கடை. பொடவைல்லாம் இங்க வராது." திரும்பி வரும்போது பழக்கடை அருகில் நின்றாள். "அத்த, நான் கண்ணமங்கலம் போறேன். தங்கச்சிகிட்ட லேப்டாப் இருக்குது. அவ காலேஜ் போய் வர்ற நேரத்துல செஞ்சிடலாம். பார்டர் முடிச்சித் தறிக்கு அனுப்பறேன்." என்னிடம் அனுமதி கேட்கிற குரல் இல்லை. ஆனால் நான் பதில் சொல்லும்வரை நின்றாள். போ என்றேன். வீட்டுக்குக்கூட வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான்தான் துணிமணியை மறுநாள் யாரிடமோ கொடுத்தனுப்பினேன்.

தெருவில் கேட்டார்கள். நீ பயப்பட்ட தெரு. "இன்னாம்மா, மருமவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டாளாமே, சண்டையா?" ஆமாம், சண்டைதான், எனக்கும் என் மகனுக்கும் என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் அவர்கள் கேள்விப்பட்ட வகை இல்லை.

டிசைன் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் விற்றவரிடம் பேசி தங்கையின் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, தங்கை கல்லூரியில் இருக்கும் பகல்களில் போட்டிருக்கிறாள். பென் டிரைவை வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். உன் அப்பா போய் நின்று வாங்கி வந்தார். மயில் இல்லை. நதி மாதிரி ஏதோ வளைந்து போகிறது, நடுவில் சின்னச் சின்ன இலை. இன்று தறியில் ஓடத் தொடங்கியிருக்கிறது. நூலுக்கு நம்பர் கொடுத்தாள். சாயக்காரர் நம்பரைப் பார்த்துச் சாயம் போட்டார்.

டிசைன் அனுப்பிய பிறகும் அவள் வரவில்லை. நீ கேட்பாய், வேலை முடிந்துவிட்டதே என்று. நானும் ஃபோனில் கேட்டேன். "வந்து இன்னா பண்றது அத்த? தள்ளித் தள்ளிக் காட்டறதா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கோபப்படுகிறவர்கள் திரும்பி வருவார்கள். அவள் அங்கேயே இரண்டு தறிக்காரர்களுக்கு பார்டர் போட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். தங்கை லேப்டாப் தரும்வரை. அதன் பிறகு சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வாள் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொண்டால் அவளுக்கு நம் வீட்டில் எதுவும் மிச்சம் இருக்காது. அவளுடையது என்று சொல்ல ஒன்றும் இங்கே இல்லை, சீர்ப் பாத்திரங்களைத் தவிர. நீ இருக்கிறாய் என்பாய். நீ சென்னையில் இருக்கிறாய்.

உன் அப்பா இதுவரை படித்துவிட்டார், நான் எழுத எழுத பின்னால் நின்றுகொண்டு. "நான்தான் கலர் பாத்தேன்னு தெளிவா எழுதுடி" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "டேபத் திருப்பிக் குடுத்துடாத" என்றார். கொடுக்கவில்லை. அது அவருக்கு. பேப்பர் படிக்கட்டும்.

ஞாயிறு நீ வா. ஆனால் ஆரணியில் இறங்கி நேராக வீட்டுக்கு வராதே, கதவைத் திறக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டிலேயே கண்ணமங்கலம் பஸ் பிடி. கையில் அந்தக் கறுப்புப் பை இருக்கட்டும். சென்னையிலிருந்து புறப்படும் முன்னே உன் படங்களை எல்லாம் அழித்துவிடு. நீ போட்ட பாஸ்வேர்டை எடுத்துவிடு. அவள் வீட்டு வாசலில் என்ன பேசுவது என்று நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன். அவள் உன்னை உள்ளே கூப்பிடுவாளா, கூப்பிட்டாலும் உன்னோடு திரும்பி வருவாளா, எனக்குத் தெரியாது. பையைக் கொடு. அவள் திறந்து புது பாஸ்வேர்ட் போடுவாள். அப்போது நீ வேறு பக்கம் பார்.

அம்மா